வெயிலுக்கு ஆகாத மாப்பிள்ளை

வெள்ளைக்காரர் ஒருவர் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள நான் ஆக்லாந்துக்குப் போனேன். மதுரையில் எல்லோரிடமும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இங்கே நாற்பது டிகிரியில் ஆண்டாள்புரம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவளைக் கவனிக்க ஆளில்லை. அங்கே ஒருவருக்குக் குடை பிடிக்கக் கடல் தாண்டி ஆள் தேவைப்படுகிறது.

அந்த ஒருவர் கிரஹாம், என் தங்கை செல்வியின் கணவர். முப்பது வருடம் வீடுகளுக்குத் தகரக் கூரை போட்டவர். தொப்பி வைத்தால் காற்றில் பறக்கிறது என்று வெறுந்தலையோடு முப்பது கோடைக்காலம் கூரைமேல் நின்றவர். பிறகு அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஆறு வருடத்துக்கு முன் செல்வி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள்.

அவள் அவரைக் கட்டிக்கொண்டபோதே எங்கள் வீட்டில் யாரும் கல்யாணத்துக்குப் போகவில்லை. வெளியே எல்லோரும் கோபமாக இருந்தார்கள். உள்ளே பாதிப் பேர், பிறக்கிற பிள்ளை நல்ல சிவப்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். பிள்ளை பிறக்கவில்லை, அதனால் அந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. கிட்னியைக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டபோது நான் போனில் அவளிடம் இரண்டு நிமிடம் பேசி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சொத்தை அந்நியனுக்கு எழுதிக் கொடுத்தது போல எனக்கு இருந்தது.

போன ஜனவரியில் அவளே கூப்பிட்டாள். கிட்னி மாற்றியவர்களுக்குத் தோல் புற்றுநோய் சீக்கிரம் வருமாம், வந்தால் வேகமாகப் பரவுமாம். கிரஹாமுக்கு ஏற்கெனவே ஒன்று வந்து காதின் மேல்நுனியை வெட்டியெடுத்திருந்தார்கள். இப்போது தலை முழுக்கப் பழுதான இடங்கள். அவை புற்றாகும் முன்பே ஒரு களிம்பைத் தடவி, சிவப்பு விளக்குக் காட்டிக் கருக்கப்போகிறார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் இரண்டு நாள் தலையில் வெளிச்சம் படக்கூடாது.

"எனக்கு லீவே இல்லை அக்கா. நான் வேலைக்குக் கிளம்பினதும் இவர் தோட்டத்துக்குப் போயிடுவார். நீ வந்து பக்கத்துல உக்காரு, போதும்" என்றாள். செல்விக்குப் பால் பவுடர் தொழிற்சாலையில் பரிசோதனைக்கூடத்து வேலை.

சித்தப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சிவப்பு விளக்கு வைத்தியம் என்றதும் முகத்தைச் சுளித்து, அந்தப் பேச்சை வீட்டில் வைத்துக்கொள்ளாதே என்றார்.

முதல் நாள், விமான நிலையத்திலேயே என் சமையலறை பறிபோனது. கறிவேப்பிலையை ஒரு இளைஞன் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஏதோ குட்டிப் பிராணி போலப் பார்த்தான். அதைக் கையுறை போட்ட கையால் ஒரு தொட்டிக்குள் போட்டுவிட்டு எனக்கு நன்றி சொன்னான். செருப்பின் அடியைத் திருப்பிக் காட்டச் சொன்னான். மதுரை மண் இந்த நாட்டுக்கு ஆபத்தாம். முப்பத்திரண்டு வருடம் மாநகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்தவள் நான். இவ்வளவு மரியாதையாக ஒரு பொருளைப் பறிமுதல் செய்ய எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

வெளியே கிரஹாம் வந்திருந்தார். பிப்ரவரி மாதம், உச்சி வெயில், தலையில் தொப்பி இல்லை. செல்வி கையில் தொப்பியோடு பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஓங்குதாங்கான மனிதர். வழுக்கைத் தலையில் சிவப்புத் திட்டுகள், செதில்கள், தையல் போட்ட வெள்ளைத் தழும்புகள். காதின் மேல்பகுதி பிள்ளைகள் கடித்து வைத்த பிஸ்கட் போல இருந்தது.

"வாங்க பார்வதி" என்று கையை நீட்டினார்.

என் கணவர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் கும்பிட்டு வைத்தேன்.

மறுநாள் பக்குரங்காவில் அவர்கள் வீட்டிலிருந்து நடந்து, பக்கத்துக் கடைவளாகத்துக்குப் போனேன். நல்ல வசதியான ஆட்கள் செருப்பில்லாமல் கடைக்குள் வருகிறார்கள். அரை டிராயரும் வெறுங்காலுமாக ஒருவர் வங்கி வரிசையில் நின்றார். எங்கள் ஊரில் இப்படி வந்தால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான், இங்கே மேனேஜரே எழுந்து வந்து பேசினார். மருந்துக்கடையில் தோலைப் பழுப்பாக்கும் களிம்பு ஒரு அலமாரி நிறைய இருந்தது. எதிர் அலமாரியில் வெயில் படாமல் காக்கும் களிம்பு. இரண்டையும் ஒரே பெண் வாங்கிப் போனாள். மதுரையில் என் அக்கா மகள் வெளுப்பதற்காகப் பூசுகிற டப்பாக்களை நினைத்துக்கொண்டேன். உலகத்தில் ஒருவருக்கும் அவரவர் தோல் பிடிக்கவில்லை போலிருக்கிறது. களிம்புக் கம்பெனிக்காரர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். கிரஹாம் தோசையின்மேல் கறுப்பாக, உப்பாக ஒரு பசையைத் தடவிச் சாப்பிடுவார். எனக்கும் ஒன்று தடவிக் கொடுத்தார். வண்டிச் சக்கரத்து மசகு போல இருந்தது. நல்லாயிருக்கா என்று கேட்டார், நல்லாயிருக்கு என்றேன். அந்தப் பாவத்துக்கு மூன்று வாரமும் தினம் ஒன்று கிடைத்தது.

நான்காம் நாள் முதல் சிகிச்சை. அன்று அவர் கார் ஓட்டக் கூடாது என்பதால் பஸ்ஸில் நகர மையத்துக்குப் போனோம். திரும்பும்போது ரயிலேறி பான்மியூர் நிலையத்தில் இறங்க வேண்டும், வேலை முடிந்து செல்வி அங்கே காரோடு நிற்பாள். இது ஏற்பாடு.

மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த நர்ஸ் சுகந்தி, யாழ்ப்பாணத்துப் பெண். என் சேலையைப் பார்த்ததுமே தமிழில் ஆரம்பித்துவிட்டாள். ஒரு சின்னக் கரண்டி போன்ற கருவியால் தலைச் செதில்களைச் சுரண்டி, களிம்பைப் பூசி, மேலே வெள்ளித் தாளைச் சுற்றினாள். மூன்று மணி நேரம் ஊற வேண்டும். கிரஹாம் பொட்டலம் கட்டிய பலகாரம் போல உட்கார்ந்திருந்தார். எதற்கு இவ்வளவு பாடு என்று அவளிடம் கேட்டேன்.

"அக்கா, உடம்பு புதுக் கிட்னியைப் பிறத்தி ஆள் எண்டு நினைச்சு அடிக்காமல் இருக்க மருந்து குடுக்கிறம். அந்த மருந்து உடம்பின்ர காவலை அமத்தி வைச்சிடும். தோலில புற்று துளிர்க்கேக்க பிடிக்கிற காவலும் அதுதான். அது படுத்திட்டால் ஆர் பிடிக்கிறது? இந்தக் கிறீமைப் பழுதான செல்லுகள்தான் கூட உறிஞ்சும். சிவப்பு வெளிச்சம் பட அதுகள் கருகும். புற்றாக முந்தியே முடிச்சு விடுறம்" என்றாள்.

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பத்து நிமிஷத்துக்குள்ளே முடிந்துவிடும் என்றாள். பத்து நிமிட வெளிச்சத்துக்கா இந்த மனிதர் நேற்றிலிருந்து பயந்து சாப்பிடாமல் இருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் கல் அடுப்பு முன்னால் உட்கார்ந்து பரோட்டா போடுகிறவன் தினம் எட்டு மணி நேரம் வெந்துகொண்டிருக்கிறான்.

எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். விளக்கைப் போட்டதும் அறை முழுக்கச் சிவப்பு. இரண்டாம் நிமிடத்தில் கிரஹாமின் கால் தரையை உதைக்க ஆரம்பித்தது. நாலாம் நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். சுகந்தி நிறுத்தி, தலையில் தண்ணீர் தெளித்து, காற்றாடியை வைத்து, மறுபடி போட்டாள். அவர் கத்தவில்லை. முடிந்து எழுந்தபோது நாற்காலிக் கைப்பிடியின் ரெக்சினில் அவருடைய நகம் பதிந்திருந்த இடங்களைப் பார்த்தேன். ஒருமுறை கூரையிலிருந்து விழுந்து, முறிந்த கையோடு தானே வண்டியோட்டி ஆஸ்பத்திரிக்குப் போன ஆள் அவர். என் சிரிப்பு நின்றது.

வெளிச்சம் புகாத கட்டுப் போட்டு, மேலே தொப்பி வைத்து, இரண்டு நாள் இதை எடுக்கவே கூடாது என்று சுகந்தி என்னிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

வலி மாத்திரையில் அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். எந்த ரயில் என்று கேட்டார். எனக்குத் தெரியாதா என்று நானே பலகையைப் படித்தேன். நான் ஏற்றிய ரயிலில் அவர் ஏறினார். மாட்டுத்தாவணியில் அத்தனை பஸ்ஸுக்கு நடுவில் சரியான பஸ்ஸைப் பிடிக்கிறவள் நான். இங்கே நாலே நாலு தடம், அதுவும் கலர் கலராக எழுதி வைத்திருக்கிறார்கள். சன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். கண்ணாடி இருக்கிறதே, வெயில் உள்ளே வராது என்று நினைத்தேன். காலையில் நாங்கள் கிளம்பியபோது ஊரில் நடுராத்திரி. என் உடம்பு இன்னும் ஊர்க் கணக்கில்தான் இருந்தது. கண்ணை ஒரு நிமிடம் மூடினேன்.

திறந்தபோது ரயில் நின்றிருந்தது. பெட்டியில் யாரும் இல்லை. வெளியே பலகையில் பாபகூரா என்று எழுதியிருந்தது. பான்மியூருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, தெற்கே வேறு தடத்தின் கடைசி ஊர்.

கிரஹாம் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அரிப்பு தாங்காமல் தூக்கத்திலேயே கட்டைப் பிய்த்திருக்கிறார். தொப்பியும் கட்டும் அவர் மடியில் கிடந்தன. நல்ல மாலை வெயில் கண்ணாடி வழியாக நேரே அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. தலை வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தது. நெற்றி வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது.

என் முந்தானையை நாலாக மடித்து அவர் தலையில் போட்டு, சேலையோடு சேர்த்து அவரை இழுத்துக்கொண்டு இறங்கினேன். பிளாட்பாரத்தில் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், கண்ணியமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் திரும்பவில்லை. ஐம்பது வயது இருக்கும், மாவோரிப் பெண், தோளில் பச்சை குத்தியிருந்தாள். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. தன் கறுப்பு மழைக்கோட்டை எடுத்து அவர் தலையைச் சுற்றிப் போட்டு, நிழலில் உட்கார வைத்து, யாருக்குப் போன் போடணும் என்று என்னைக் கேட்டாள். செல்வியின் எண்ணைக் கொடுத்தேன். கார் வரும்வரை கூடவே நின்றாள். அதற்குள் அவளுடைய ரயில் இரண்டு போயிருந்தன. பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

செல்வி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கிரஹாம் ஆங்கிலத்தில் சொன்னார்:

"பார்வதி தடுத்தாங்க. நான்தான் கேட்காம கழட்டிட்டேன்."

அரசாங்க ஆபீசில் நான் கற்ற முதல் பாடம், யாராவது பழியைத் தானாக ஏற்றுக்கொண்டால் குறுக்கே போகக்கூடாது என்பதுதான். வீடு வரும்வரை செல்வி அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் பின்சீட்டில் சன்னலுக்கு வெளியே ஆட்டு மந்தைகளைத் தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் அவருடைய அறை இருட்டு. திரைச்சீலைக்கு மேல் கம்பளியை ஆணியடித்து மாட்டினோம். மருத்துவமனையில் கேட்டதற்கு, உயிருக்கு ஆபத்தில்லை, கொப்புளம் வரும், வலிக்கும், இருட்டில் இருக்கட்டும் என்றார்கள். வலித்தது. ஈரத்துணி மாற்றுவதும் ரசஞ்சோறு ஊட்டுவதும் என் வேலை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்ததால் அவருக்குக் கரண்டி தெரியவில்லை. ரேடியோவில் கிரிக்கெட் ஓடியது. வெளியே பளீரென்ற பகல், உள்ளே நாங்கள் இரண்டு பேரும் கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தோம்.

இரண்டாம் நாள் அவர், அடுத்த வாரம் போகப்போவதில்லை என்றார். தீர்மானமாகச் சொன்னார். நான் என் எழுத்தர் ஆங்கிலத்தில் சண்டை போட்டேன். புற்று வந்தால் அந்த மருந்தைக் குறைப்பார்கள், மருந்தைக் குறைத்தால் கிட்னி போகும், என் தங்கை வயிற்றைக் கிழித்துக் கொடுத்தது வீண் என்றேன்.

"கிட்னிதான் அவளுடையது. தலை என்னுடையது" என்றார்.

நான் ஈரத்துணியை மாற்றியபோது அவரே சொன்னார். "நான் அதைக் கேட்கலை. ரெண்டு வருஷம் வேண்டாம்னு சொன்னேன், டயாலிசிஸ்ல இருந்துக்கறேன்னு சொன்னேன். உங்க தங்கை என்ன சொன்னா தெரியுமா? 'எங்க வீட்டுல எல்லாரும் இந்தக் கல்யாணம் நிக்காதுன்னு சொன்னாங்க. நீ செத்துட்டா அவங்க சொன்னது சரியாயிடும். அதுக்கு நான் விடமாட்டேன்'னா. அதுக்கு அப்புறம் நான் எங்க மறுக்கிறது?"

இருட்டாக இருந்ததால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக நான் அந்த மனிதரைத் திருடன் போல நினைத்திருந்தேன். பார்த்தால் கொடுத்ததில் பாதி எங்களுக்காக, எங்கள் மூக்கை உடைப்பதற்காக. செல்வி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீச்சல் வராது என்று சொன்னதற்காகக் கிணற்றில் குதித்தவள்.

அன்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, ரயிலில் நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். தப்பான ரயிலில் ஏற்றியதும் நான்தான், அவர் சொன்னது பொய் என்றேன்.

"தெரியும்" என்றாள். "உன் கன்னத்துல சீட்டோட வரி பதிஞ்சிருந்துச்சு. நீயா சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஒரு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

கிரஹாம் எப்படி மனம் மாறினார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. செல்வி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். வெளியே வந்து, ஒரு நிபந்தனையாம், நீயும் உள்ளே உட்காரணுமாம், விளக்கைத் திட்டுவதற்குத் தமிழில் நல்ல வார்த்தையாகச் சொல்லிக் கொடுக்கணுமாம் என்றாள். ஆங்கிலத்தில் திட்டித் திட்டி அந்த வார்த்தைகளுக்குச் சக்தி போய்விட்டதாம். நான் பக்கத்து வீட்டுக்காரியோடு இருபது வருடம் குழாயடியில் சண்டை போட்டவள் என்பதைச் செல்வி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இரண்டாம் தடவை செல்வி யாரையோ கெஞ்சி வேலையை மாற்றிக்கொண்டு காரில் அழைத்துப் போனாள். என்னை எந்த ரயில் பக்கமும் விடவில்லை. களிம்பு ஊறுகிற மூன்று மணி நேரமும் பாடம் நடந்தது. நான் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்.

விளக்குப் போட்டார்கள். அவர் ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் என் கையையும் பிடித்துக்கொண்டார். கூரைக்காரர் கை, என் விரல் நொறுங்கும்போல இருந்தது. இரண்டாம் நிமிடம் ஆரம்பித்தார்.

"நாசமாப் போங்க" என்றார் விளக்கைப் பார்த்து. "நீங்க உருப்படவே மாட்டீங்க. கட்டையில போங்க. ப்ளீஸ்."

நான் சொல்லிக் கொடுத்தது எல்லாம் 'போ', 'வா' என்றுதான். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ், போனில் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேச வேண்டி வந்தால் உதவட்டும் என்று செல்வி சொல்லிக் கொடுத்தது. பதினைந்து வருடத்தில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. மரியாதை மட்டும் பழகிப்போயிருந்தது.

சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வந்தது. "அக்கா, ஒரு லைட்டோட இவ்வளவு மரியாதையாக் கதைச்ச ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றாள்.

அந்தத் தடவை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. முழு நேரமும் இருந்தார். கடைசி நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துபோய், நோட்டில் முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். என்னால் சிரிக்க முடியவில்லை. விளக்கு அணைந்த பிறகும் அவர் என் கையை விட மறந்து உட்கார்ந்திருந்தார், நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த இரண்டு நாளும் நான் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு, வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கிரஹாம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். நானே போய் விட்டேன். அதற்கு எப்படி விட வேண்டும் என்று உள்ளேயிருந்து கத்தி வகுப்பெடுத்தார்.

நான் ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்துச் செல்வி போன் பண்ணினாள். டாக்டர் பார்த்தாராம். தலையில் பெரும்பாலான திட்டுகள் மறைந்துவிட்டன. சந்தேகமாக இருந்த ஒரு இடத்தைக் கிள்ளியெடுத்துச் சோதித்திருக்கிறார்கள், புற்று இல்லை. கிட்னியும் ஒழுங்காக வேலை செய்கிறது. இத்தோடு முடிந்துவிடாது, திரும்ப முளைக்கும், வருடா வருடம் பார்க்க வேண்டும், மறுபடி விளக்கும் வைக்க வேண்டியிருக்கும் என்றார்களாம். இதைச் சொல்லி முடித்ததும் செல்வி அழுதாள். ஆபரேஷன் அன்றைக்குக்கூட அழாதவள். என்ன சொல்வது என்று தெரியாமல், என்ன சமைத்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சமைக்கல. கிரஹாம் மீன் வாங்கப் போயிருக்கார்" என்றாள்.

"இந்த வெயில்லயா?" என்றேன்.

"இங்க மழை பெய்யுது அக்கா" என்றாள்.